பணத்துக்குக் கெடு உண்டு: செட்டிநாட்டுப் பேரேடும் இணையத் தொழிலும்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு ஆச்சி சீப்பு சீடை செய்து இணையத்தில் விற்கிறார். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் ஒரு படம் போட்டதில் தொடங்கியது. இன்று ஒரு சின்ன இணையக் கடை, உதவிக்கு மூன்று பெண்கள், தீபாவளிக்கு முந்தின மாதம் ராத்திரி 11 மணி வரை எரியும் அடுப்பு. மாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, வரிவரியாக நாடா போலப் பிழிந்து, துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டி எண்ணெயில் போட வேண்டும். உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் குழல். அதனால்தான் வாயில் போட்டதும் நொறுங்குகிறது. அதனால்தான் கூரியரிலும் நொறுங்குகிறது.

போன தை மாதம் கணக்கு நோட்டைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் அவருடைய தங்கச்சி மகனும் வந்திருந்தான். "இதப் பெரிய பிராண்டாக்கலாம் பெரியாத்தா. இன்வெஸ்டர் பார்ப்போம்" என்றான். ஆச்சி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரிடா, அவுக பணத்த எப்பத் திருப்பிக் கேப்பாக?"

"திருப்பியெல்லாம் கேக்க மாட்டாங்க. பங்கு வாங்கிக்குவாங்க."

"திருப்பிக் கேக்காத பணம்னு ஒண்ணு உண்டா?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் அப்போது இல்லை. வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, ஸ்டார்ட்அப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே மிகச் சரியான கேள்வி இதுதான் என்று தோன்றியது. இணையத் தொழில் தொடங்குகிறவர்கள் எவ்வளவு பணம் கிடைக்கும், யார் தருவார் என்று விசாரிக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு என்ன கெடு, அந்தக் கெடு தன் தொழிலின் கெடுவோடு பொருந்துமா என்று கேட்பவர்கள் குறைவு. அதை முதலில் கேட்கப் பழகிய ஊர் இது. ஒரு முறை கேட்கத் தவறியதற்கான விலையையும் இதே ஊர்தான் கொடுத்தது.

கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்ய, இந்தப் பக்கத்திலிருந்து போன நகரத்தார் எனும் செட்டியார்களின் கணக்கில் பணம் என்று ஒரே தலைப்பில் எதுவும் இருக்காது. முதலாளி தன் கையிலிருந்து போட்டது முதல்பணம். மற்றவர்கள் நம்பிக் கொடுத்து வைத்தது மேல்பணம். மேல்பணத்துக்குள்ளும் பிரிவு உண்டு: பெண் கொடுத்த வீட்டார் போட்டது, கோயில் பணம், வட்டிக்கு விட்ட சீதனப் பணம், பெரிய லேவாதேவிக்காரர்களிடம் வாங்கியது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேரேட்டில் ஏறும். சில பணம் கேட்ட அன்றே திரும்பக் கொடுக்க வேண்டியது. சிலது இரண்டு மூன்று மாதத் தவணைக்குப் போட்டது. சிலது தலைமுறைக்கும் அசையாமல் கிடப்பது. எந்தப் பணத்தை எங்கே விடலாம் என்பதை முடிவு செய்தது இந்தப் பிரிவுதான். கோயில் பணத்தை எடுத்துச் சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் போட்டவனுக்கு ஊரில் முகம் இருக்காது.

வட்டியும் அவரவர் இஷ்டத்துக்கு இல்லை. பர்மாவின் ரங்கூன் நகரத்து மொகல் தெருவில் மாதாமாதம் செட்டியார்கள் கூடி அந்த மாதத்தின் நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். நூற்றுக்கணக்கான தனித்தனிக் கடைகள், ஒன்றோடொன்று போட்டி போடுபவை, ஒரு எண்ணை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டன. ஒருவர் எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, மற்றவர் மதித்து மாற்றிக் கொடுத்ததும் இதே பொதுமையால்தான். 2016-இல் யூபிஐ வந்தபோது எனக்கு இது ஞாபகத்துக்கு வந்தது. போட்டி வங்கிகள் எல்லாம் ஒரே விதிக்கு ஒத்துக்கொண்டதால்தான் ஆச்சி ஒரு அட்டையில் ஒட்டிய கியூஆர் கட்டத்தை வைத்துப் பல ஊர்களில் உள்ள சொந்தக்காரர்களின் பிள்ளைகளிடம், அவர்கள் எந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தாலும், இந்தியக் கணக்கிலிருந்து காசு வாங்க முடிகிறது. சந்தையைப் பெரிதாக்குவது பொது விதி. அதைத் தனி ஒருவர் கட்ட முடியாது.

பணத்தைப் போலவே ஆளுக்கும் கெடு இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் கடைக்குள் நுழைவான், பெட்டியடிப் பையன். கடையைப் பெருக்குவது, ஏடுகளை எடுத்து வைப்பது, பெரியவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது. பிறகு அடுத்தாள். பிறகு கடையையே நடத்தும் மேலாள், அதாவது ஏஜென்ட். சம்பளச் சீட்டு எழுதி மூன்று வருஷத்துக்கு அனுப்புவார்கள். முதலாளி ஊரிலேயே இருப்பார். கடைக் கணக்கு தபாலில் வரும், சொத்தையும் கடனையும் எதிரெதிரே வைக்கும் ஐந்தொகை போட்டுப் பார்ப்பார். மேலாளுக்குச் சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. தவணை முடிந்ததும் கணக்கை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் திரும்பித்தான் ஆக வேண்டும். புது ஆள் வந்து ஒவ்வொரு கடனையும் தொட்டுப் பார்க்கும்போது மறைத்து வைத்த வாராக்கடன் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இன்றைய ஸ்டார்ட்அப்பில் ஊழியருக்குப் பங்கு கொடுக்கும் ஏற்பாடு இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். பெரும்பாலும் நான்கு வருஷத்தில் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும்; முதல் வருஷம் முடியாமல் போனால் ஒன்றும் கிடையாது. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, இந்தியாவில் உள்ள தன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். மேலாளின் பங்கு கைக்கு வந்த லாபத்திலிருந்து. ஸ்டார்ட்அப் ஊழியரின் பங்கு, யாராவது ஒரு நாள் அந்தக் கம்பெனியை வாங்கினால், அல்லது அது பங்குச் சந்தைக்குப் போனால்தான் காசாகும். நம் பிள்ளைகள் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது இந்த வேறுபாட்டை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பலருக்குச் சொல்வதில்லை.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். துணிகர முதலீடு என்பது திருப்பிக் கேட்காத பணம் இல்லை. உங்களிடம் கேட்காத பணம், அவ்வளவுதான். அந்த முதலீட்டாளரும் மேல்பணம் வாங்கியவர்தான். ஓய்வூதிய நிதிகள், பெரும் பணக்காரக் குடும்பங்கள் போன்றவர்களிடம் வாங்கி, பெரும்பாலும் பத்து வருஷத்துக்குள் பெருக்கித் தருவதாகச் சொல்லியிருப்பார். எனவே அவருக்கு ஒரு கெடு இருக்கிறது. அதற்குள் உங்கள் கம்பெனியை யாராவது வாங்க வேண்டும், அல்லது அது பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். பத்து இடத்தில் போட்டால் பலது மூழ்கும் என்பதை அவர் முதலிலேயே ஏற்றுக்கொண்டவர். தப்பிய ஒன்றிரண்டு பல மடங்கு பெருகி மற்றதையெல்லாம் ஈடுகட்ட வேண்டும். வருஷத்துக்கு 20 சதவீதம் ஒழுங்காக லாபம் தரும் நல்ல கடை அவருக்குப் பயன்படாது. நகரத்தார் லேவாதேவியின் கணக்கு இதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொரு கடனும் திரும்ப வந்தாக வேண்டும். பத்தில் எட்டு போனாலும் பரவாயில்லை என்று எந்த முதலாளியும் சொல்லியிருக்க மாட்டார்.

அப்படியானால் எந்தத் தொழிலுக்கு அந்தப் பணம் ஏற்றது? இரண்டாவது ஆளுக்கு விற்கும்போது செலவு ஏறாத தொழிலுக்கு. மென்பொருளை ஒரு முறை எழுதினால் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம், பத்து லட்சம் பேருக்கும் கொடுக்கலாம். சீடை அப்படி இல்லை; ஒவ்வொரு கிலோவுக்கும் விரல் வேண்டும். ஸ்டார்ட்அப்புக்கும் சிறுதொழிலுக்கும் உள்ள கோடு இதுதான், இணையத்தில் விற்கிறோமா இல்லையா என்பது இல்லை.

மென்பொருளிலும்கூட வேறு வழி உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, துணிகர முதலீடு வாங்காமலே, விற்ற காசிலேயே வளர்ந்தது. அதனால்தான் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2011-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட முடிந்தது என்று நான் நினைக்கிறேன். பத்து வருஷக் கெடு கழுத்தில் இருந்தால் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் தேறும் வரை பொறுத்திருக்க நேரம் ஏது? ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஒரு கெடுவை ஒத்துக்கொண்டு அதற்குள் ஓடி முடித்தது. ஸோஹோ கெடுவே வேண்டாம் என்று நடந்தது. இரண்டுமே வென்றதற்குக் காரணம், அவரவர் வாங்கிய பணத்தின் தன்மையும் நடத்திய தொழிலின் தன்மையும் ஒத்துப்போனது.

ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் செட்டிநாட்டின் எந்தப் பூட்டிய வீட்டைக் கேட்டாலும் சொல்லும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கீழ் பர்மாவின் அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை கிடைத்தது. சதுப்பு நிலத்தைத் திருத்தி நெல் போட விவசாயிக்கு முதல் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செட்டியார்கள் கொடுத்தார்கள். 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன, போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி.

பிறகு 1930-இல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, அசலும் வரவில்லை. ஈட்டுக்கு இருந்த நிலம் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. ஏட்டில் அது சொத்து. உண்மையில் அவர்கள் நிலத்தைத் தேடிப் போனவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சுற்றிவரும் பணம். ஊரில் மேல்பணம் போட்டவர் கேட்ட அன்று கொடுக்க வேண்டும், ஆனால் கொடுத்த பணமோ ஐராவதி டெல்டாவின் சேற்றில் உறைந்து கிடந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சலையும் இந்த இடத்தில் சொல்லாமல் போவது நியாயம் இல்லை. தாத்தா திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரனாக நின்றான். 1942-இல் ஜப்பானியப் படை வந்தது, கால்நடையாகத் திரும்பியவர்கள் பலர். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் போட்டது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேக்குத் தூண்களின் மேல் தூசி படிந்தது அதன் பிறகுதான்.

வரப்போவதை முன்கூட்டியே கணித்தவர்களும் இருந்தார்கள். பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் ஜப்பான் படை வருவதற்கு முன்பே, 1930-களில், பர்மாவிலிருந்து முதலை இந்தியாவுக்கு நகர்த்தியது. 1949-இல் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடத்தில் ஒரே நாளில் திறந்தார். குடும்பப் பணத்தை நம்பி நடந்த லேவாதேவி, பங்குதாரரின் முதலையும் பொதுமக்களின் வைப்புத் தொகையையும் கொண்ட கம்பெனியாக மாறிய இடம் அது. என் கணக்கில் செட்டிநாட்டின் மிகப் பெரிய புதுமை மாளிகைகள் இல்லை, இந்த மாற்றம்தான்.

இன்னொரு வகைப் பணமும் இந்த மண்ணில் உண்டு, உண்மையிலேயே திருப்பிக் கேட்காதது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. மின்கலமும், உலோகம் துருப்பிடிக்காமல் காக்கும் அரிமானத் தடுப்பும் ஆராயும் அந்த வளாகத்திலிருந்து ஒரு தொழில் பிறக்க வேண்டுமானால் பத்து வருஷம்கூடப் போதாது. அப்படிப்பட்ட புதுமைக்கு அறப்பணமும் அரசுப் பணமும்தான் தாக்குப்பிடிக்கும். புதுத் தொழில்களுக்குத் தொடக்கத்தில் மாநில அரசு தரும் தான்சீட் உதவி போன்றவை அதற்கு முதல் படி. பேட்டரி ஆராய்ச்சி செய்யும் பிள்ளை ஆறு மாதத்தில் வட்டி கேட்கும் கடனை வாங்கினால், ஆராய்ச்சியை விட்டுவிட்டு இன்வெர்ட்டர் விற்கப் போய்விடுவான். அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போனால் இன்னொரு கெடுவைப் பார்க்கலாம். தொழிலாளி சதுரமான கண்ணாடியைத் துடைத்து வைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தையும் பூ அச்சையும் வைக்கிறார். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு கரண்டி வண்ணக் குழம்பு. அச்சை ஆடாமல் மேலே தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று ஓரம் தொட்டு நிற்கும். மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு அழுத்திச் சமப்படுத்துகிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். கடைசியில் கண்ணாடியிலிருந்து தானே கழன்று வரும்போது முகம் பார்க்கும் பளபளப்பு. அந்தப் பளபளப்பு மெஷின் கொடுத்தது இல்லை, கண்ணாடி கொடுத்தது.

இந்தக் கல்லை இணையத்தில் விற்க முயன்ற பலர், படம் போட்டால் போதும் என்று நினைத்தார்கள். கல் கனம், லாரிக் கூலி விலையைத் தின்னும், கையால் ஊற்றுவதால் ஒரு அடுக்குக்கும் இன்னொன்றுக்கும் நிறம் லேசாக மாறும், வாங்கியவர் சண்டைக்கு வருவார். இதற்குப் பெரிய முதலீடு வாங்கித் தொட்டிகளைப் பத்து மடங்காக்கினால், ஆர்டர் குறைந்த மாதம் தொட்டிதான் மிஞ்சும். இங்கே பொருந்துவது வாடிக்கையாளரின் முன்பணம். உலகத்திலேயே மலிவான முதல் அதுதான். வட்டி இல்லை, பங்கும் கேட்காது. ஆனால் அறையின் அளவைப் போனில் கொடுத்தால் எந்தப் பூ, எத்தனை கல், ஓரத்துக்கு எத்தனை, உடைசலுக்கு எத்தனை என்று வரைந்து காட்டும் ஒரு செயலியை யாராவது செய்தால், அது வேறு தொழில். ஆத்தங்குடிக்குச் செய்ததை மொராக்கோவுக்கும் விற்கலாம். ஒரே முற்றத்தில் இரண்டு தொழில், இரண்டு வகைப் பணம். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் இரண்டும் கெடும்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதும் பர்மாப் பாடம்தான். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞர், தேவகோட்டைப் பக்கம், பனையோலையில் முடையும் கொட்டான் கூடைகளை முழுக்க முழுக்க ஒரே பெரிய இணையச் சந்தை வழியாக விற்றுவந்தார். ஒரு காலையில் கணக்கு முடக்கம். காரணம் கேட்க மனிதக் குரல் இல்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்தார்கள். அதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. வாங்கியவர்களின் பெயரோ போன் எண்ணோ ஒன்றும் அவரிடம் இல்லை. அந்த மக்கள் எல்லாம் சந்தையின் மக்கள். 2021 இறுதியில் மத்திய அரசின் முயற்சியில் உருவான ஓஎன்டிசி, விற்பவரும் வாங்குபவரும் வேறு வேறு செயலியில் இருந்தாலும் பொது விதியில் சந்திக்கலாம் என்கிறது. மொகல் தெருக் கூட்டத்தின் மூளை அதில் இருக்கிறது. மக்கள் வந்து பழகுவதுதான் பாக்கி.

ஆச்சி வீட்டு நோட்டுக்கு வருவோம். அன்று மூவரும் உட்கார்ந்து ஒரு கிலோவின் கணக்கை எழுதினோம். அசல் எண்களை இங்கே சொல்லவில்லை, விளக்கத்துக்குச் சுற்றெண்களாக வைத்துக்கொள்ளுங்கள். விலை 600. சாமான் 210, கைக்கூலி 120, டப்பா 45, கூரியர் 90, ஆக 465. இணையச் சந்தையின் கழிவு 15 சதவீதம் என்றால் 90. மீதி 45. பத்து டப்பாவுக்கு 450 ரூபாய் லாபம். அந்தப் பத்தில் ஒன்று நொறுங்கிப் போய் மறுபடி அனுப்பினால் 465 செலவு. ஆக, பத்து விற்றதில் 15 ரூபாய் நஷ்டம்.

தங்கச்சி மகன் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விற்பனையைப் பத்து மடங்காக்கியிருந்தால் நஷ்டம்தான் பத்து மடங்காகியிருக்கும். அவனுக்குச் சொல்லித்தர நான் இருக்கத் தேவை இல்லாமல் போனது. "மொதல்ல ஒடையிறத நிறுத்தணும் பெரியாத்தா" என்றான்.

ஆச்சி நோட்டின் புதுப் பக்கத்தில் கோடு போட்டார். இடது பக்கம் சொந்தப் பணம். வலது பக்கம் மேல்பணம். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னதை வலது பக்கம் எழுதி, அதற்கு நேரே 'தை முதல் தை வரை' என்று கெடுவும் எழுதினார். மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு அதில் இன்வெஸ்டர் என்று எழுதச் சொன்னான் பையன். போட்டார். அதற்கு நேரே கெடு எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டார்.

அந்த இரண்டு லட்சத்தில் கொஞ்சம் எடுத்து, உள்ளே அட்டைத் தடுப்பு வைத்த புது டப்பா அடித்தார்கள். முதல் இருபது டப்பாவைப் பெங்களூரில் அவன் வீட்டு முகவரிக்கே அனுப்பினார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பினான். ஒன்றில் மட்டும் பாதி நொறுங்கியிருந்தது. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு '20க்கு 1' என்று நோட்டில் எழுதிவிட்டு, தடுப்பு அட்டையை இன்னும் அரை விரக்கடை உயர்த்தச் சொல்லி டப்பாக்காரருக்குப் போன் போட்டார்.